பருமன் அறுவைக்குப் பின் மாதவிடாய்: ஒரு பழைய வினாவும் அதன் விடைகளும்

பருத்த உடலை இளைக்கச் செய்வதற்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்ட பெண்களில் ஒருத்திக்கு, ஆண்டுக்கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நான்கு மாதத்துக்கு ஒருமுறையுமாகத் தாறுமாறாக வந்துகொண்டிருந்த மாதவிடாய், சில மாதங்களுக்குள் நாள் தவறாமல் வரத் தொடங்குகிறது. அதுவரை ஒழுங்காக இருந்த மற்றொருத்திக்கோ, அறுவை முடிந்த இரண்டாம் வாரமே எதிர்பாராமல் உதிரம் கண்டு, பிறகு இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. சிகிச்சை ஒன்று, பலன் இரண்டு. இம்முரண்பாட்டின் காரணத்தை விசாரிக்கப் புகுந்தால், தேகத்தில் சேரும் கொழுப்புக்கும் மாதச் சுழற்சிக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது என்ற மிகப் பழைய வினாவின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வினா அறுவை சிகிச்சைக்கு வெகுகாலம் முந்தியது; ஒரே வருஷத்தில் முப்பது நாற்பது கிலோ இழக்கும் மனித தேகம் என்ற புதுமையைக் கண்முன் நிறுத்தி, பழைய விடைகள் ஒவ்வொன்றையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் சந்தர்ப்பத்தை அறுவை சிகிச்சை நமக்கு அளித்திருக்கிறது.

விசாரணையில் இறங்குமுன் ஒரு பேதத்தை மனத்தில் கொள்ளுதல் நலம். உதிரம் வெளிப்படுவது வேறு. சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவது, அதாவது மருத்துவமனைப் பேச்சில் ‘முட்டை வெடிப்பது’ என்று சொல்லப்படுவது, வேறு. முன்னது பெண்ணுக்கே பிரத்தியட்சமாகத் தெரிவது. பின்னதை ரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேன் படத்தாலோ அநுமானித்தே அறிய வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால் விளைந்த குழப்பமே இத்துறையில் பாதி என்று சொல்லலாம்.

கொழுப்பே தடை என்ற பட்சம்

ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களுள், காற்றையும் நீரையும் நிலத்தையும் பற்றிய நூலில், சிதிய நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு குறைவாகவும் காலந்தாழ்த்தும் வருவதையும், அவர்கள் எளிதில் கருத்தரிக்காமையையும் குறிப்பிட்டு, கருப்பை வாயைக் கொழுப்பு அடைத்துவிடுவதே காரணம் என்று அந்நூலாசிரியர் கூறுகிறார். அவர்களுடைய அடிமைப் பெண்கள் உழைத்து மெலிந்த உடலினராதலால் விரைவில் கருவுறுகிறார்கள் என்பதை அதற்குச் சாட்சியாகவும் காட்டுகிறார். நம் நாட்டுச் சரகரும் அதிஸ்தூல தேகத்தை நிந்தைக்குரிய எட்டு வகைத் தேகங்களுள் ஒன்றாக வைத்து, மேதஸ் (கொழுப்பு) மார்க்கங்களை அடைத்துக்கொள்வதால் மற்றத் தாதுக்கள் போஷணை பெறாமல் போகின்றன என்றார். தேசத்தாலும் மொழியாலும் விலகி நின்ற இருவரும் ‘அடைப்பு’ என்ற ஒரே உபமானத்துக்கு வந்து சேர்ந்தது வியப்புக்குரியது. உபமானம் தவறு, அவர்கள் கண்ட காட்சி தவறன்று.

இருபதாம் நூற்றாண்டில் இக்காட்சிக்கு மருத்துவப் பெயர் கிடைத்தது. சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935இல், மாதவிடாய் நின்றுபோன ஏழு பெண்களின் சினைப்பைகள் பருத்து, சிறு சிறு நீர்க்கட்டிகள் நிறைந்து இருந்ததை வெளியிட்டார்கள். இன்று ‘நீர்க்கட்டி’ என்று வீட்டுக்கு வீடு பேசப்படும் பி.சி.ஓ.எஸ். வியாதியின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. 1952, 1953ஆம் ஆண்டுகளில் ராஜர்ஸ், மிச்செல் என்ற இருவர் பருமனுக்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் உள்ள உறவையும், எடை குறைந்தால் நின்றுபோன மாதவிடாய் திரும்புவதையும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இப்பட்சத்தின் பலவீனம் வெளிப்படையானது. நூறு கிலோவுக்கு மேல் எடையிருந்தும் மாதம் தவறாத பெண்கள் எண்ணற்றோர். மெலிந்த தேகத்தோடே நீர்க்கட்டியால் அவதிப்படுவோரும் உண்டு. கொழுப்பு மட்டுமே காரணமானால் இவ்விரு சாராரும் இருக்கவே கூடாது.

எடைக் கணக்கு

ரோஸ் ஃபிரிஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இவ்வினாவை எதிர்முனையிலிருந்து அணுகினார். ஒரு பெண் பூப்பெய்துவதற்குக் குறிப்பிட்ட எடை வேண்டும் என்று 1970இல் ராஜர் ரெவெலுடன் சேர்ந்து எழுதிய அவர், 1974இல் மெக்கார்தருடன் எழுதிய கட்டுரையில், பூப்புக்கு உடலெடையில் சுமார் 17 சதவீதமும், மாதச் சுழற்சி தொடர்ந்து நடைபெறச் சுமார் 22 சதவீதமும் கொழுப்பு இருந்தாக வேண்டும் என்று கணக்கிட்டார். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹாலந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது பெருந்தொகையான பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும், ஓட்டப் பந்தய வீராங்கனைகளுக்கும் நாட்டியப் பெண்களுக்கும் அது நிற்பதும் இக்கொள்கைக்கு அரண்செய்தன. ஆயினும், அவருடைய கொழுப்பு அளவு நேராக அளக்கப்பட்டதன்று, உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்பட்டதே என்பதை 1978இல் ஜேம்ஸ் டிரஸ்ஸல் முதலியோர் எடுத்துக்காட்டிய பிறகு, அந்த எண்களின் கம்பீரம் குறைந்தது.

எண்கள் வீழ்ந்தபோதிலும் கருத்து முழுதும் வீழ்ந்துவிடவில்லை. ஜெஃப்ரி ஃபிரீட்மன் 1994இல் கண்டறிந்த லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்புத் திசு தன் இருப்பை மூளைக்கு அறிவிக்கும் தூது என்று தெரியவந்தது. லெப்டின் இல்லாமல் பிறந்து, பருத்து, மலடாகவும் இருந்த பெண் எலிகளுக்கு அதைச் செலுத்தியதும் அவை கருவுற்றதை 1996இல் ஃபரீத் செஹாப் குழுவினர் காட்டினார்கள். பட்டினி போட்டு இளைக்கச் செய்த எலிகளோ கருவுறவில்லை. 2004இல், மெலிவாலும் உடற்பயிற்சியாலும் மாதவிடாய் நின்ற பெண்கள் எண்மருக்கு லெப்டின் அளித்த ஒரு சிறு ஆய்வில் அவர்களுள் சிலருக்குச் சுழற்சி மீண்டது. பருத்த பெண்ணிடத்தில் லெப்டினுக்குப் பஞ்சமில்லை. ஆகையால் அவளுடைய கோளாற்றை இது விளக்காது. எனினும் அறுவைக்குப் பிந்திய முதல் மாதங்களை ஆராயும்போது இத்தூதை மறுபடியும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இன்சுலின் பட்சம்

கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று, அது தானே ஒரு சுரப்பி என்ற உண்மை 1970களில் உறுதிப்பட்டது. ஆண்தன்மை வாய்ந்த ஹார்மோன்களைக் கொழுப்புத் திசு எஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது; இம்மாற்றம் பருத்த பெண்களிடம் மிகுதியாக நடைபெறுகிறது என்பதை டல்லஸ் நகரத்து மக்டானல்டு குழுவினர் அளந்து காட்டினர். ஓயாது இருந்துகொண்டிருக்கும் அந்த எஸ்ட்ரோஜன், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்க வேண்டிய ஹார்மோன் அலையைக் குலைத்துவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். 1980இல் மெம்பிஸ் நகரத்து ஆய்வாளர்கள் நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் இன்சுலின் மிகுதியையும் ஆண் ஹார்மோன் மிகுதியையும் ஒருங்கே கண்டார்கள். அந்நோயில் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமை பருமனுக்கும் அப்பாற்பட்டு நிலவுகிறது என்பதை 1980களின் இறுதியில் ஆண்ட்ரியா டுனைஃப் நிறுவினார். மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அதே சமயம் அந்த ஹார்மோனைப் பிணைத்து அடக்கி வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைக்கிறது. இவ்விரண்டு வழியாலும் முட்டை முதிராமல் பாதியில் நின்றுவிடுகிறது.

மெலிந்தவருக்கும் நீர்க்கட்டி வருவதையும், பருத்தவர் பலருக்கு வராமையையும் ஒருசேர விளக்கவல்லது இது ஒன்றே. இதற்குச் சாதகமாக, 1995இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்திலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வை நினைக்கலாம். முட்டை வெடிக்காத பருத்த பெண்கள், உணவு, உடற்பயிற்சி, யோசனை இவற்றால் சராசரி 6.3 கிலோ மட்டுமே இழந்தபோது, முறையை முடித்த பதின்மூவரில் பன்னிருவருக்கு முட்டை வெடிக்கத் தொடங்கியது. ஆறு கிலோ இழந்த பின்னும் அவர்கள் பருத்த பெண்களே. கொழுப்பின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. ஆகவே சுழற்சியை மீட்டது கொழுப்பின் அளவு என்பதைவிட, ஆகாரமும் இன்சுலினும் மாறிய திசை என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் இன்சுலினைத் தணிக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையால் மட்டும் மாதவிடாய் எல்லோருக்கும் சீராவதில்லை என்ற இடத்தில் இப்பட்சமும் தடுக்கி விழுகிறது.

அறுவை தந்த சாட்சியம்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும், குடற்புண்ணுக்காக இரைப்பையின் பகுதி நீக்கப்பட்டோர் பிறகு எளிதில் எடை கூடாததைக் கவனித்து, 1960களின் பிற்பகுதியில் இரைப்பை பைபாஸ் முறையை வகுத்தார்கள். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் என்று வழங்கும் முறை. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி நீக்கி, ஒரு குழாயளவு மட்டும் விட்டுவைப்பது அது. இரண்டிலும் உண்ணும் அளவு குறைவதோடு குடலின் ஹார்மோன்களும் மாறுகின்றன. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் இறங்கத் தொடங்குகின்றன.

மாதவிடாயைப் பற்றிய தொடக்க அறிக்கைகளுள் குறிப்பிடத்தக்கது, டொரண்டோவைச் சேர்ந்த மெர்வின் டைட்டல் 1988இல் வெளியிட்டது. அறுவைக்கு முன் சுமார் 40 சதவீதத்தினரிடம் இருந்த ஒழுங்கின்மை, எடை குறைந்த பின் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2005இல் பிட்ஸ்பர்க் நகரத்தார், நீர்க்கட்டி உள்ள 24 பெண்கள் பைபாஸ் செய்துகொண்டபின் அனைவருக்கும் சராசரி 3.4 மாதத்தில் மாதவிடாய் சீரானதாகக் கூறினார்கள். அதே ஆண்டு மாட்ரிட் நகரத்திலிருந்தும் ஒத்த செய்தி வந்தது. அவ்வளவு உற்சாகம் தராத எண் 2006இல் வெளியான டைட்டல்மன் குழுவினருடையது: முன்பு முட்டை வெடிக்காதிருந்த 98 பேரில் 71 சதவீதத்தினர் சீரடைந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட பதின்மூன்று ஆய்வுகளை 2016இல் தொகுத்த ஸ்குப்ளெனி குழுவினர், மாதவிடாய் ஒழுங்கின்மை 56 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு அருகில் குறைந்ததாகக் கணக்கிட்டனர். முகத்திலும் உடலிலும் முளைக்கும் மிகை ரோமம் மட்டும் அவ்வளவு எளிதில் விடைபெறவில்லை என்பதும் அத்தொகுப்பில் தெரிகிறது.

இவ்வெண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தடைகள் உள்ளன. பெரும்பாலும் அப்பெண்கள் நினைவிலிருந்து சொன்ன விடைகளே பதிவாயின. அறுவைக்குப் பின் தொடர்ந்து வராதவர்கள் கணக்கில் விடுபட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்யாத கூட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரம் ஒழுங்காக வந்ததை வைத்து முட்டையும் ஒழுங்காக வெடித்தது என்று முடிவு கட்டப்பட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கே நடந்தது என்று நான் சொல்லவரவில்லை; காக்கையையும் பழத்தையும் தனித்தனியே எவரும் எண்ணவில்லை என்றே சொல்கிறேன்.

எண்ணியவர்கள் பிற்பாடு வந்தார்கள். 2009இல் ரோசெஸ்டர், சாண்டோரோ முதலியோர் சிறுநீரில் ஹார்மோன் கழிவுகளை நாள்தோறும் அளந்து, அறுவைக்குப் பின் சுழற்சியின் பிற்பாதி ஓரளவே மீள்கிறது, முழுமையாக அன்று, என்றார்கள். பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் லெக்ரோ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ருசிகரமானது. பைபாஸ் செய்துகொண்ட 29 பெண்களில் பெரும்பான்மையோருக்கு அறுவைக்கு முன்பே முட்டை வெடித்துக்கொண்டுதான் இருந்தது; அறுவைக்குப் பின் சுழற்சியின் முற்பாதி ஏறத்தாழ ஒரு வாரம் குறுகிற்று, பிற்பாதியின் தரமோ அதிகம் மாறவில்லை. மாதவிடாய் ‘சீரானது’ என்று ஒரு பெண் சொல்வதற்கு, நாற்பது நாள் சுழற்சி முப்பத்துமூன்று நாளாகச் சுருங்கியதே போதிய காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா?

குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்துச் செய்த பரீட்சைக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு லான்செட் இதழில் வெளியான, லண்டனில் நடந்த ‘பாம்பினி’ பரீட்சையில், நீர்க்கட்டியும் பருமனும் மாதவிடாய்க் கோளாறும் உள்ள 80 பெண்களில் பாதிப்பேருக்கு ஸ்லீவ் அறுவையும், மற்றப் பாதிக்கு உணவு, நடைமுறை யோசனைகளும் மருந்தும் அளிக்கப்பட்டன. வாரந்தோறும் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளந்து, உதிரத்தை விட்டு முட்டை வெடித்ததையே எண்ணினார்கள். 52 வாரங்களில் அறுவைக் கூட்டத்தில் நடுமதிப்பாக ஆறு முறையும், மற்றக் கூட்டத்தில் இரண்டு முறையும் முட்டை வெடித்தது. பக்க விளைவுகளும் அறுவைக் கூட்டத்திலேயே மிகுந்தன. சந்தேகத்துக்கு இடமில்லாத முன்னேற்றம். ஆனால் ஓராண்டில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று முறை நிகழ வேண்டியது ஆறு முறையே நிகழ்ந்திருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

முதல் மாதங்களின் குழப்பம்

அறுவை முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காலமல்லாத காலத்தில் உதிரம் காண்பதற்கு, கரையும் கொழுப்பிலிருந்து அதுவரை தேங்கியிருந்த எஸ்ட்ரோஜன் ரத்தத்தில் கொட்டுகிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். கொழுப்பில் இந்த ஹார்மோன்கள் தங்குவது உண்மை. ஆனால் கரையும்போது வெளிவரும் அளவு கருப்பையின் உட்சுவரைக் குலைக்கப் போதுமா என்பதற்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. இதைவிட எளிய காரணம் ஒன்று பலருடைய விஷயத்தில் கண்முன்னே நிற்கிறது. எஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவதால், பெரிய அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன் அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்திய சில நாட்களில் உதிரம் வருவது அம்மாத்திரையின் இயல்பு. அதுவரை மாதந்தவறாமல் வந்தது மாத்திரையின் ஒழுங்கு. நின்றபின் வெளிப்பட்டது உடலின் சொந்த ஒழுங்கின்மை. தொடக்கத்தில் குறித்த இரண்டாவது பெண் இத்தகையவளாக இருந்தால், அவளிடம் காணும் முரண்பாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

மாத்திரை எடுக்காதவளுக்கு மாதவிடாய் நிற்பது ஏன்? ஆன் லூக்ஸ் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒழுங்கான சுழற்சியுள்ள இளம்பெண்களின் ஆகாரத்தை ஐந்து நாட்கள் குறைத்தபோது, கொழுப்பு நீங்கிய உடலெடையில் கிலோவுக்கு 30 கலோரி என்ற அளவுக்குக் கீழே போனதும், சினைப்பையை இயக்கும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு தளர்ந்தது. இக்கணக்கை அறுவை செய்துகொண்டவருக்குப் பொருத்திப் பார்ப்போம். கொழுப்பு நீங்கலாக 60 கிலோ உள்ள பெண்ணுக்கு 1,800 கலோரி வேண்டும். முதல் மாதங்களில் அவள் உண்ணுவதோ பெரும்பாலும் 1,000 கலோரிக்கும் குறைவு. இவ்விதி எல்லோருக்கும் செல்லுமானால், அறுவை செய்துகொண்ட ஒவ்வொருத்திக்கும் மாதவிடாய் நின்றிருக்க வேண்டும். மாறாக, பலருக்கு அந்த மாதங்களிலேதான் அது திரும்புகிறது. மெலிந்த உடலை ஊமையாக்கும் அதே பட்டினி, பருத்த உடலைப் பேசவைக்கிறது! சேமிப்பிலிருந்து வரும் சக்தியை மூளை வரவாகக் கொள்கிறதா, அல்லது இன்சுலின் தணிவதன் நன்மை பட்டினியின் தீமையை வென்றுவிடுகிறதா என்பதே இவ்விடத்தில் எழும் மெய்யான வினா. நீர்க்கட்டி உள்ளவளுக்கு இன்சுலின் தணிவதால் ஆதாயம் மிகுதி. அக்கோளாறு இல்லாதவளுக்கு ஆதாயம் சிறிது, லெப்டின் திடீரென்று வீழ்வதன் நஷ்டமே பெரிது என்று கொண்டால் இருவேறு பலன்களும் ஒருவாறு இணங்குகின்றன. இது என் அநுமானம். ஏற்பதும் தள்ளுவதும் வரும் ஆய்வுகளின் பொறுப்பு.

நின்றுபோன மாதவிடாய்க்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கர்ப்பம். வருஷக்கணக்கில் கருத்தரிக்காதவள் தனக்கு அது நேராது என்றே நம்பியிருக்கிறாள். உதிரம் காண்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே முட்டை வெடிக்கும் என்பதை அவளுக்கு எவரும் சொல்வதில்லை. எடை வேகமாக இறங்கும் முதல் 12 முதல் 18 மாதங்களில் கருவுறாதிருப்பது நன்று என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பைபாஸ் செய்த குடலில் கருத்தடை மாத்திரை சரிவர உறிஞ்சப்படுமா என்ற ஐயத்தால் வேறு முறைகளையே அவை சிபாரிசு செய்கின்றன.

உதிரமும் இரும்பும்

உதிரப்போக்கு ஒழுங்கடைவதை மங்களகரமான செய்தியாக மட்டுமே எழுதுவது மரபாகிவிட்டது. இரும்புச் சத்து முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதற்பகுதியில். பைபாஸில் உணவு அப்பகுதியைத் தொடுவதே இல்லை, ஸ்லீவில் அமிலம் குறைகிறது. ஆண்டுக்கு நான்கு முறை உதிரம் கண்டவள் பன்னிரண்டு முறை காணத் தொடங்கும் வேளையும் அதுவே. அறுவைக்குப் பின் மாதவிடாய் உள்ள பெண்கள் நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு உட்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கப் பருமன் அறுவை மருத்துவர் சங்கம் விதித்திருப்பது இக்காரணத்தாலேயே.

எஞ்சி நிற்பவை

அறுவைக்குப் பின் மாதச் சுழற்சி பெரும்பான்மையோருக்கு நலந்தரும் திசையில் மாறுகிறது என்பதை இனி மறுப்பதற்கில்லை. நீர்க்கட்டி உள்ளவர்களிடம் அந்நலம் மிகுதி என்பதும் ஏறத்தாழ நிச்சயம். கொழுப்பு, எடை, இன்சுலின் என்ற மூன்று பட்சங்களுள் இன்சுலின் பட்சமே அதிகத் தடயங்களை விளக்குகிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் அறுவையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மாறுவதால், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அறுவை மட்டும் உதவாது. செமாக்ளூட்டைடு முதலிய புது ஊசி மருந்துகள் குடலைத் தொடாமலே எடையைக் கணிசமாகக் குறைப்பதால், அறுவைக்கூட்டத்தை இனி அவற்றோடு ஒப்பிட வழி பிறந்திருக்கிறது. பாம்பினியின் ஒப்பீட்டுக் கூட்டம் அவ்வளவு எடையை இழக்கவில்லை.

ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை உண்டா, இழந்த எடை திரும்பும்போது பழைய ஒழுங்கின்மையும் திரும்புகிறதா என்பன போன்ற வினாக்களுக்குத் திருப்தியான விடை இல்லை. நம்மவர்க்கு உரிய வினாவும் ஒன்று உண்டு. ஆசிய நாட்டாரிடம் குறைந்த எடையிலேயே இன்சுலின் கோளாறு தோன்றுவதால், அவர்களுக்கு அறுவையின் எல்லை 27.5 என்ற பி.எம்.ஐ. அளவுக்கு 2022ஆம் ஆண்டு நெறிகளில் தாழ்த்தப்பட்டிருக்கிறது. நாம் மேலே பார்த்த மாதவிடாய் ஆய்வுகளோ பெரும்பாலும் அதைவிட வெகுவாகப் பருத்த மேல்நாட்டுப் பெண்களிடம் நடத்தப்பட்டவை.

பாம்பினி பரீட்சை 52ஆம் வாரத்தில் முடிந்தது. அதில் பங்குகொண்ட பெண்கள் பலருக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் மாதவிடாய் மீதம் இருக்கிறது.